இருபத்தொன்பதாம் கேள்வி

நாற்பத்துமூன்று கேள்விகள் என் தாளில்.
மழைக்குப் பயந்து வயிற்றோடு கட்டிக்கொண்டு
கயுங்காவின் செம்மண்ணில் பைக் ஓட்டிப் போகிறேன்.
நானும் அன்னாசிக்காரிதான்,
எனக்கும் சங்கத்தில் ஓர் எண் உண்டு: நூற்றுப் பதினெட்டு.
இந்த வாரம் மட்டும் ஆய்வாளர்.

கிவாலாப்யேயின் தோட்டம், எண் இருநூற்று ஆறு.
காப்பி உமியைக் கணுக்கால் புதையப் பரப்பியிருக்கிறார்.
மருந்தடிக்கும் கரும்புக்கும் இவர் வரப்புக்கும் நடுவே
எட்டடிப் புல்.
ஆம். ஆம். ஆம்.
பேனா தானாக ஓடுகிறது.

இருபத்தொன்பது:
ரசாயன உரத்தின் டப்பாவோ பையோ
இந்த நிலத்தில் எங்காவது உண்டா?
இல்லை என்று சொல்ல வாய் திறந்தவர்
என் கண் போன திசையைப் பார்த்து மூடிக்கொண்டார்.

கழிப்பறைக்குக் கதவாகத் தொங்குகிறது
யூரியாச் சாக்கு.
நாற்பத்தாறு சதம் நைட்ரஜன் என்ற எழுத்து
காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது.

"வெறுஞ்சாக்காகச் சந்தையில் வாங்கியது, ஐந்நூறு ஷில்லிங்.
உள்ளே இருந்தது என்ன நிறம் என்றுகூடத் தெரியாது"
என்கிறாள் அவர் மனைவி நாலுப்வாமா.
நம்புகிறேன்.
நம்பிக்கைக்குத் தாளில் கட்டம் இல்லை.

ஒரு சாக்கு போதும்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் சான்றிதழும் அதோடு தொங்கும்.
உலர்த்தியில் கிடக்கும் இரண்டு டன் துண்டுகள்
ஒரே இரவில் சாதாரண அன்னாசியாகிவிடும்,
ருசி மாறாமலே.

விட்டுவிடலாம் என்றுதான் கை சொன்னது.
போன வருடம் அப்படி விட்ட ஆய்வாளர்
இப்போது கம்பாலாவில் சிம் கார்டு விற்கிறார்.

எழுதினேன்:
சாக்கு ஒன்று. பயன்பாடு, கதவு.
உள்ளே ஆள் இருந்ததால் உடனே அகற்ற இயலவில்லை.

மறுநாள் கோரைப் பாய் ஒன்று வாங்கிக் கட்டினோம்.
மூவாயிரம் ஷில்லிங்; பாதி நான் போட்டேன்,
அதை மட்டும் எழுதவில்லை.
படமெடுத்து பாசல் நகரத்துக்கு அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது.
பாய் திருப்தி.
ஆனால் பாயின் அடியில்
இரண்டு சின்னப் பாதங்கள் தெரிகின்றனவே,
யாருடையவை, வயது என்ன,
பண்ணையில் அவை என்ன வேலை பார்க்கின்றன?

நாலுப்வாமா சிரித்துச் சிரித்து
உமிமேல் உட்கார்ந்துவிட்டாள்.
நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
மொம்பாசாவில் கப்பல் வெள்ளிக்கிழமை.
இன்று செவ்வாய்.