மூன்று மைக்ரான் சந்து

ஆறரைக்கு மின்சாரம் போனது.
இன்வெர்ட்டர் நுண்ணோக்கியைத் தாங்கிக்கொண்டது,
மின்விசிறியைக் கைவிட்டது.
காரைக்குடியின் மே மாதம்
காலர் வழியே முதுகில் இறங்க,
திரையில் பதினேழாம் எண்
சந்தின் வாசலுக்கு வந்து நின்றது.

நான் வார்த்த சந்துதான்.
சிலிக்கான் ரப்பர், மூன்று மைக்ரான் அகலம்.
அதன் உடம்போ பதினைந்து.

அவசரப்படவில்லை.
ஒரு விரலை நீட்டியது
(விரல் என்று நான்தான் சொல்கிறேன்),
சுவரைத் தொட்டு, பற்றி, இழுத்துப் பார்த்தது.
பிடி கிடைத்ததும்
பின்னால் இருந்ததையெல்லாம் முன்னால் ஊற்றியது.
உட்கரு மட்டும் மாட்டிக்கொண்டது.
மாடிக்கு பீரோ ஏற்றுகிறவர்கள்
படி திரும்பும் இடத்தில் நிற்பார்களே, அப்படி.
நாற்பது நிமிடம்.
சாத்தையா இரண்டு முறை டீ வைத்துவிட்டுப் போனார்.
பிறகு உட்கருவும் இளகி, நீண்டு,
வெள்ளரி விதையாய் ஒடுங்கி
அந்தப் பக்கம் போய்
பழையபடி உருண்டு கொண்டது.

பக்கத்துச் சந்தில் நோயில்லாத செல்.
முட்டியது. விறைப்பை விடவில்லை.
வாசலிலேயே விடிந்துவிடும் அதற்கு.

நோட்டில் எழுதினேன்:
நலமானது, ஆயிரத்து எண்ணூறு பாஸ்கல்.
பதினேழு, ஐந்நூற்று இருபது.

முந்தாநாள் தேவகோட்டையிலிருந்து ஒருத்தி
கட்டடம் மாறி இங்கே வந்துவிட்டாள்.
உமையாள் என்றாள்.
எங்களிடம் பெயர்கள் வருவதில்லை,
ரிப்போர்ட்டும் நாங்கள் தருவதில்லை என்றேன்.
போகாமல் நின்று
சுட்டுவிரல் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள்:
"கல்லு மாதிரி இருந்துச்சு, புளியங்கொட்டை கணக்கா.
எளகிருச்சுன்னா சரியாயிரும்னு
பக்கத்து வீட்ல சொன்னாக."

என்ன சொல்ல.
கையில் தட்டும் கல்
அவை சுற்றிலும் இழுத்து இறுக்கிய நார்.
உள்ளே ஒவ்வொன்றும் இளகல்.
இளகியதுதான் ஊர்விட்டு ஊர் போகும்,
அந்த நாரையே பிடித்துக்கொண்டு.
இதை எந்த வாயால் சொல்ல.

இடதுபுறம், தண்ணீர்த் தொட்டி தாண்டி
என்று வழி மட்டும் சொன்னேன்.
செம்மண் புழுதியில் நாலடி வைத்தாள்,
செருப்பு புதைந்தது.
யோசிக்காமல் ஒதுங்கி
தார் ஓரத்தில் ஏறிக்கொண்டாள்.
கெட்டித் தரையைத் தேடும் கால்.
என் தட்டில் தினமும் பார்ப்பது.

பதினேழு யாருடையது என்று கேட்கக்கூடாது.
கேட்கவில்லை.

எட்டேகாலுக்கு மின்சாரம் வந்தபோது
அது அடுத்த சந்தில்
விரல் வைத்திருந்தது.