மறையும் கோணம்

ஒஸ்ட்ராவாவில் கடைசி டிராம்
பதினொன்று நாற்பதுக்கு.
அதற்குப் பிறகுதான் என் வேலை.
தண்டவாளம் அடங்க வேண்டும்,
லிஃப்ட் அடங்க வேண்டும்,
காவலாளி ஸ்வாதோப்லுக்
கதவை அறைந்து சாத்தாமல் இருக்க வேண்டும்.
அணுக்களின் வரிசையைப் பார்க்க
ஊரே கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று மில்லிமீட்டர் வட்டத் தகடு.
எரிவாயு டர்பைனில் உடைந்த இறக்கையிலிருந்து
வெட்டி, தேய்த்து,
மைனஸ் முப்பதில் அமிலம் பீய்ச்சி
நடுவில் ஓட்டை விழும்வரை மெலித்தது.
ஓட்டையை யாரும் பார்ப்பதில்லை.
ஓட்டையின் ஓரத்தில்,
இல்லாமல் போவதற்கு ஒரு நொடி முன்பு
நின்றுவிட்ட உலோகம் இருக்கிறதே,
அதுதான் எங்களுக்கு.

கோப்பு சொல்கிறது:
உடைந்தது மார்ச் ஒன்பது, இரவுப் பணி.
பணியில் இருந்தவர் லூமீர் ஒடாஹல்.
வெப்பத்தைக் கண்டபடி ஏற்றினார் என்று
பகல் பணிக்காரர் ஐந்து பேரின் கையெழுத்து.
ஐந்தாவது கையெழுத்தில் மை தீர்ந்திருக்கிறது.

இரண்டு லட்சம் வோல்ட்.
பச்சைத் திரையில்
கண் பழகப் பழகக் கோடுகள் வருகின்றன.
பிசகுகள்.
கணுக்காலில் வருவதைப் போலத்தான்:
எதுவும் முறியவில்லை, எதுவும் தொலையவில்லை,
ஒரு வரிசை மட்டும்
ஒரு படி தள்ளி உட்கார்ந்துவிட்டது.
இவை நகர்வதால்தான்
கரண்டி வளைகிறது, கம்பி நீள்கிறது.
பிசகே இல்லாத உலோகத்தை
வளைக்கப் போய்ப் பாருங்கள்.

ஒரு கோடு எந்தப் பக்கம் தள்ளியது என்று அறிய
அதை உற்றுப் பார்த்துப் பயனில்லை.
அது மறையும் கோணத்தைத் தேட வேண்டும்.
சாய்க்கிறேன்.
பதினொரு டிகிரி. இருக்கிறது.
பதிமூன்று. இருக்கிறது, மங்கலாக.
பதினான்கரை.
காணோம்.

அழியவில்லை. அங்கேயேதான்.
நான் விசாரிக்கும் தளங்களை
அது அசைத்ததே இல்லை,
அவ்வளவுதான்.
இன்னொரு கோணத்திலும் இப்படிக் காணாமல் போனால்
பெயரை எழுதிவிடலாம்.
இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன்.
அந்த நொடியில் இன்னமும்
எதையோ கை தவறவிட்டவள்போல் வயிறு குழைகிறது.

சாய்த்ததில் வேறொன்று கண்ணில் பட்டது.

புது இறக்கையில்
நுண்ணிய கட்டிகள் செங்கல் அடுக்கியதுபோல் நிற்கும்,
நூல் பிடித்த சந்துகளோடு.
கட்டிக்குள் பிசகுகள் புகுந்தால் ஜோடியாகத்தான்,
முன்னது கலைத்ததைப் பின்னது ஒழுங்குபடுத்தியபடி.
இங்கே செங்கல் இல்லை.
கட்டியும் கட்டியும் தோள் சேர்ந்து
நீள நீளமாய்க் கிடக்கின்றன.
எங்கள் தொழிலில் இதற்குத் தெப்பம் என்று பெயர்.

ஒரு ராத்திரி வெப்பத்தில் தெப்பம் கட்ட முடியாது.
மாதங்கள் வேண்டும்.
இரவுகள் வேண்டும்.
பகல்களும் வேண்டும்.

நாலு மணிக்குக் காபி இயந்திரத்துக்குப் போனேன்.
பெஞ்சில் ஒருவர், மடியில் தொப்பி.
ஸ்வாதோப்லுக் உள்ளே விட்டிருக்கிறான்.
“மூணு வாரமா வேலை இல்லை.
ஆனா ராத்திரியில தூக்கம் வரமாட்டேங்குது. பழக்கம்.”
பெயர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அறிக்கை போகும்வரை வாய் திறக்கக்கூடாதென்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
என் காசை இயந்திரம் இரண்டு முறை துப்பியது,
அவர் எழுந்து பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார்,
விழுங்கியது.

“டிராமிலா போறீங்க?” என்றேன்.
“நாலு இருபது.”
“வீட்டுக்குப் போய்ப் படுங்க.”
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
எந்தக் கோணத்தில் என்ன தெரிந்ததோ,
தொப்பியை வைத்துக்கொண்டு போனார்.

ஒரு படம் பாக்கி.
காபியை வெளியே வைத்துவிட்டு
இருட்டில் உட்கார்ந்து குவியத்தைத் திருகினேன்.
கூர்மையாகத்தான் வந்தது.
அவர் ஏறிய டிராம் கட்டடத்தைக் கடந்தபோது
திரையில் தெப்பங்கள் எல்லாம்
லேசாக
ஆடின.