தி தீர்ந்துபோன வைகாசி

பருவதத்தின் நாடக வாழ்வு
ஓர் எழுத்துப் பிழையில் தொடங்கியதாக
நினைவு மலரில் போட்டிருக்கிறார்கள்.
பிழை செய்த கை என்னுடையது.
பெயர் போடவில்லை. பரவாயில்லை.

காங்கயத்தில் கரூர் ரோட்டு அச்சகம்.
நாலு எழுத்துப் பெட்டி, ஒரு டிரெடில்.
அச்சுக் கோப்பவள் நான், தேவானை.
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள் அவள்,
பைக்குள் ஒரு கோடுபோட்ட நோட்டு.
நாடகத்தின் பெயர் 'எழுதிங்கள்'.

எங்கள் சனத்தில் அந்தச் சீர் கிடையாது.
அவர்கள் வீடுகளில் உண்டு.
இவள் இனி மணவறையில் நிற்கலாம்,
சீர்த்தட்டைத் தொடலாம் என்று
பிறந்த வீடு கூடிச் சான்று தருவது.
அவளுக்கு அண்ணன் செய்யவில்லை.
மேடையில் மீசை வைத்துக்கொண்ட தங்கச்சிக்கு
எந்த அண்ணன் செய்வான்?
ஒறம்பரைக் கல்யாணமெல்லாம்
பந்தக்காலோரம் நின்றே பார்த்தாள்
பத்து வருசம்.
நாடகம் அங்கேதான் படித்தாளாம்.

முகூர்த்த மாதம்.
இருந்த பெரிய 'தி' எல்லாம்
திருமணத்துக்கும் திருநிறைச்செல்விக்கும் போய்விட்டன.
பக்கத்துக் கண்ணறையில்
'து' குவிந்து கிடந்தது.

விடிந்தால் ஊர்ச் சுவரெங்கும்
பச்சை மையில், பசை காயாமல்,
எழுதுங்கள்.
சி. பருவதம்.
பழைய சொசைட்டிக் களம், மாலை ஏழு.

ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள் பெண்கள்.
கையில் கையில் காகிதம்.
"ஏனுங், மனு எழுதித் தாறதா
செவுத்துல போட்டிருக்குதே,
இங்கத்தானுங்?"

தேங்காய்க் களத்தில் பருப்பு உடைத்து
இரண்டு விரல் போனவள் ஈடு கேட்டாள்.
ஒருத்திக்கு அப்பன் பூமியில் பங்கு.
ஒருத்தி வெறுந்தாளை நீட்டி,
"என்னமோ ஒண்ணு எழுதுங்கக்கா,
என்ற பேரு வாராப்ல."

பருவதம் என்னைப் பார்த்தாள். ஒரே பார்வை.
பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.
பெட்ரோமாக்ஸ் அணையும்வரை எழுதினாள்.
மாப்பிள்ளை வேசக்காரப் பையன்
மீசை மையோடு வரிசையை ஒழுங்கு செய்தான்.
நாடகம் நடக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் நாடகமெல்லாம்
அனுப்புநர், பெறுநர் என்றே தொடங்கின.
வெள்ளகோவில், தாராபுரம், ஊத்துக்குளிச் சந்தைமேடு.
திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பள ராத்திரி,
பனியன் கம்பெனிச் சந்துக்குள்,
எக்ஸ்போர்ட்டில் கழித்த துணியே திரை.

'நாலு ஏக்கரில் ஒரு கைநாட்டு'
மூன்று மணி நேரம் ஓடும்.
பங்கு வேண்டாமென்று
தங்கைகள் ரேகை வைப்பது மட்டுமே கதை.
அதற்குத்தான் அண்ணன் ஆள்விட்டுக் கல்லெறிந்தான்.
விளக்கு உடைந்தது.
"வெளிச்சந்தான போச்சு, காது இருக்குதல்ல"
என்று இருட்டிலேயே முடித்தாள்.
இது மலரில் இருக்கிறது, படத்தோடு.

கோபத்தில் புரூபைக் கிழிப்பாள்,
அது இல்லை.
சொந்த வசனம் மறந்து
அடுத்தவள் வசனத்தைப் பேசிவிடுவாள்,
இல்லை.
எனக்கு இரண்டு நாடகக் கூலி பாக்கி,
கட்டாயம் இல்லை.
கவிதைகளைப் பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதி
ஓரத்தில் குறிப்பு வைப்பாள்,
'தேவானை, இதுலயும் உன்ற கைய வெச்சராத.'

வைக்காமல் கோத்த ஒன்று:

கிணற்றுப் பத்திரத்தில்
எங்கள் பெயர் இல்லை.
கிணற்றில் விழுந்தவள் பெயரை
ஊரே சொல்கிறது.

அறுபத்தாறில் போய்ச் சேர்ந்தாள்.
அண்ணன் மகன் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தான்.
போர்த்தினான்.
தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தவன்போலச்
சற்று நேரம் அங்கேயே நின்றான்.

அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
அந்த வைகாசி ராத்திரி
பெட்டியின் அடியில் ஒரு 'தி' இருந்தது.
சுழி சற்று உடைந்தது.
மை பிடிக்கும்.