மூன்றாம் எண் விசிறி

மாத்திரை கொடுப்பவள் நான்தான்.
காலை ஏழு மணி, ஷிஃப்ட் மாறும் நேரம்.
ஆளுக்கு ஓர் ஆரஞ்சு வில்லை,
அரை லிட்டர் பால்,
பதிவேட்டில் ஒரு கையெழுத்து.
பால், சோவியத் காலத்துச் சட்டம்.
வில்லை, இந்த வருஷத்துப் புதுமை.
அதற்கென்றே சுவரில் ஒரு படம்:
எலுமிச்சம்பழம் ஒன்று கேடயம் ஏந்திச் சிரிக்கிறது.

மலைக்குப் பின்னால் உலை.
சிவப்புக் கல் வேக வேகப்
பாதரசம் ஆவியாய்க் கிளம்பும்,
குழாயில் குளிர்ந்து சொட்டும்.
சொட்டாமல் போனது எங்கே போனது என்று எழுதப்
பதிவேட்டில் கட்டம் இல்லை.

அசில்கான் உலைப் பக்கம் போனதே இல்லை.
உலைக்காரர்களின் உடுப்பை உதறி
ஊறவைத்துப் பிழிகிறவள்.
முதலில் நடுங்கியது அவள் விரல்தான்.
ஊசிக் காதில் நூல் நுழையவில்லை,
ஊசிக்கு என்மேல் கோபம் என்று
சிரித்துக்கொண்டே வந்தாள்.
சிரித்தபோது ஈறைப் பார்த்தேன்.
வீங்கியிருந்தது.

வில்லையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
இது என்ன செய்யும் என்றாள்.
ஆன்டிஆக்ஸிடன்ட் என்றேன்.
பேர் கேட்கவில்லை, வேலையைக் கேட்டேன் என்றாள்.

ஓஷ் நகரப் பயிற்சியில் கேட்டதைச் சொன்னேன்.
நஞ்சு நுழைந்த உடம்பில்
எலக்ட்ரான் ஒன்று குறைந்த துணுக்குகள் பிறக்கும்.
குறைந்தது பக்கத்து வீட்டில் பிடுங்கும்.
பறிகொடுத்தது அடுத்த வீட்டில் பிடுங்கும்.
விடிவதற்குள் தெருவே திருட்டுத் தெரு.
இது மட்டும்
தன்னிடம் உள்ளதைத் தானே எடுத்துக் கொடுக்கும்.
கொடுத்துவிட்டு?
சும்மா இருக்கும். யாரிடமும் பிடுங்காது.
அப்படியொரு மருமகளைத்தான்
இந்த ஊரில் எல்லோரும் தேடுகிறார்கள் என்றாள்.

ஓர் ஆப்பிளை நறுக்கினேன்.
ஒரு பாதிக்கு எலுமிச்சைச் சாறு,
மற்றதற்கு ஒன்றுமில்லை.
மதியம் வந்து பார்த்தாள்.
ஒன்று தேயிலைச் சக்கை நிறம், ஒன்று வெள்ளை.
வெள்ளையைத் தொட்டுப் பார்த்தாள்,
குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல.
சாயங்காலமே சரிவில் ஏறிக்
காட்டுரோஜாக் காய் பறித்தாளாம்.
பிள்ளைகளுக்கும் அதில் தேநீர்.
பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டேன்.
என் உடுப்பை வீட்டில்தானே துவைக்கிறேன் என்றாள்.
அதை நான் அதுவரை யோசித்ததில்லை.

தட்டை எடுத்துப்போட மறந்திருந்தேன்.
மறுநாள் காலை
இரண்டு பாதியும் ஒரே நிறம்.
பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு
குடிக்காமல் பார்த்தாள்.
சாறு தீர்ந்துவிட்டது, என்றாள்.
காற்று தீரவில்லை.

சலவை அறையின் மூன்றாம் எண் விசிறி
மார்ச்சிலிருந்து ஓடவில்லை.
பெல்ட் அறுந்து தொங்குகிறது.
நான்கு விண்ணப்பம் போயிற்று.
நான்கையும் தட்டச்சு செய்தவள் நான்,
நான்காவதில் தேதி மட்டும் மாற்றினேன்.

அன்று அவள் வில்லையை விழுங்கினாள்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
கிடைப்பதை ஏன் விடவேண்டும்?
பேனாவை மட்டும் நடுங்கும் விரலில் இறுக்கிக்
கையெழுத்துக் கட்டத்தில்
தன் பேரை எழுதாமல்
‘மூன்றாம் எண் விசிறி’ என்று எழுதினாள்.
எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது.

நான் தடுக்கவில்லை.
ஆதரித்தேன் என்றும் சொல்ல முடியாது.
மறுநாள் உலைக்கார எர்மெக்
அவள் வரியைப் படித்துவிட்டு அதையே எழுதினான்.
அவனுக்குப் பின்னால் நின்றவன் எழுத்துக்கூட்டி எழுதினான்.
வெள்ளிக்கிழமை
மருந்து வாங்கியவர்கள் பட்டியலில்
மனிதப் பேர் ஒன்றுகூட இல்லை.
முப்பத்தோரு முறை ஒரே விசிறி
வில்லை விழுங்கிப் பால் குடித்திருக்கிறது.

பதிவேடு ஐந்து மணிக்கு அலுவலகம் போகவேண்டும்.
கடைசி வரி எனக்கு.
நானும் தினம் ஒன்று விழுங்குகிறவள்தான்.

பேனா மூடியைக் கடித்தபடி நிற்கிறேன்.
தட்டை இன்னும் எடுத்துப்போடவில்லை.
அறையெல்லாம் ஆப்பிள் வாசனை,
லேசாகப் புளித்து.