இயங்காது, காலைவரை

கறுப்புத் திரையில் வெள்ளையாய் ஒரே வரி:
துவக்க வட்டு எதுவும் கிடைக்கவில்லை.
அணைத்தேன். போட்டேன்.
அதே வரி.
ஐந்தாம் முறை உள்ளேயிருந்து
டக், டக், சற்றுப் பொறுத்து டக்.
மணியடிக்கத் தயங்கி
விரலால் மட்டும் கதவைத் தட்டும் கடன்காரனைப் போல.

கடன்காரர்கள் எனக்குப் பழக்கம்.
ருஸ்தாவியில் ஒன்பது மாடி, முப்பத்தாறு வீடு,
குடியிருப்போர் சங்கக் கணக்கு என் கையில்.
கூரைக்குத் தார் போட்ட வகையில்
யார் எவ்வளவு பாக்கி, ஏழாண்டுக் கணக்கு,
எல்லாம் அந்த மடிக்கணினிக்குள்.
நகலா?
திரை கேட்கும்போதெல்லாம்
‘பிறகு’ என்று அழுத்தியவள் நானே.

மூன்றாம் மாடி மல்காஸ் மின்தூக்கி மெக்கானிக்.
மேசையில் காதை வைத்துக் கேட்டான்.
“இனி அந்தப் பொத்தானைத் தொடாதே, த்ஸிரா.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்ற கூண்டுக்குள்
குத்திக் குத்தித்தான்
மோட்டாரைப் புகைய விடுகிறார்கள்.”
பிழை திருத்தும் நிரலை ஓட்டட்டுமா என்றேன்.
“சாகக் கிடப்பவனை
வீடு பெருக்கச் சொல்வாயா?
இருப்பதை முதலில் வெளியே எடு.”

சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவைச் செருகினான்.
அதிலிருந்து வேறொரு இயங்குதளம் எழுந்தது,
ஒரே இரவு தங்க வந்த விருந்தாளி,
என் சாமான் எதையும் தொடாமல்.
அவன் அடித்த கட்டளைக்குப் பொருள் இதுதானாம்:
நல்ல இடத்தையெல்லாம் முதலில் வாரிக்கொள்,
முரண்டு பிடித்தால் தாண்டிப் போ,
கடைசியில் திரும்பி வந்து
பின்பக்கமிருந்து கேட்டுப் பார்.

பத்து மணி நேரம்.
என் பேட்டரி செத்து இரண்டு வருடம்.
மின்தூக்கி கிளம்பும்போதெல்லாம்
சமையலறை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்.
மல்காஸ் விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இறங்கிப் போய் விசையை அணைத்தான்.
அட்டையில் எழுதி ஒட்டினான்:
இயங்காது, காலைவரை. காரணம் ஐந்தாம் மாடி.

அப்படித்தான் எல்லோருக்கும் தெரிந்தது.
முட்டைக்கோஸ் பையோடு ஏறிவந்த லமாரா
திறந்த கதவில் மூச்சு வாங்கினாள்.
“எல்லாம் போச்சா?”
குரலில் துக்கம் கொஞ்சம்,
வேறொன்றும் கொஞ்சம்.
எட்டாம் மாடி நூக்ஸார் நாற்காலி கேட்டு உட்கார்ந்தான்,
திரையில் ஊரும் எண்ணைப் பார்த்தபடி,
எந்தக் குதிரைமேல் பணம் கட்டியிருக்கிறான் என்று
முகத்தில் காட்டாமல்.

விடிந்தபோது
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது விழுக்காடு.
மிச்சம் வரவில்லை. டக் சத்தமும் நின்றது.
படங்கள், ரசீதுகள்,
என் விவாகரத்துத் தாள்கூடப் பழுதில்லை.
பாக்கிப் பட்டியல் மட்டும்
கட்டம் கட்டமாய்க் கேள்விக்குறி.
தார்க்காரருக்கு எழுதிய கடிதம் ஒன்றில்
மொத்தம் தப்பியிருந்தது:
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு லரி.

மறைக்கவில்லை.
அட்டையைத் திருப்பி எழுதி
அதே கதவில் ஒட்டினேன்:
கணக்கு அழிந்தது. அவரவர் பாக்கியை அவரவர் சொல்லவும்.
மொத்தத்தை மட்டும் எழுதவில்லை.
“பட்டினி கிடப்பாய்” என்றான் மல்காஸ்.

வந்தார்கள்.
மாவு ஒட்டிய கையோடு, வேலைக்குப் போகும் அவசரத்தோடு,
ஒருவர் தலையில் துண்டோடு.
லமாரா நாற்பது என்றாள். என் ஞாபகம் அறுபது.
நாற்பது என்றே எழுதினேன்.
ஒன்பதாம் நாள் நூக்ஸார் உறையை மேசையில் வைத்தான்,
“வட்டு எப்படி இருக்கிறது?” என்று
நோயாளியை விசாரிப்பதுபோல் கேட்டான்,
மின்தூக்கி ஓடிக்கொண்டிருந்தும்
படியேறிப் போனான்.

புது வட்டு, புதுக் கணக்கு. கூட்டினேன்.
ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு.
மறுபடி, மேலிருந்து கீழாக இல்லாமல்
கீழிருந்து மேலாக.
பதினாறு லரி அதிகம்.
லமாரா விழுங்கிய இருபதையும் சேர்த்தால்
முப்பத்தாறு.

மல்காஸ் சொன்னபடி
இரண்டு இடத்தில் நகல் எடுத்தாயிற்று.
இரண்டிலும் கடைசி வரிசையில்
தொகை இருக்கிறது.
பெயர்க் கட்டம் காலி.