யாரை அழைக்க?

என் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்.
பெயர். கடவுச்சீட்டு எண். ரத்த வகை.
நாளை எந்தப் பாதை.
கடைசிக் கட்டம், என் கணவன் கோணலாய்க் கோடிழுத்தது:
ஏதாவது ஆகிவிட்டால் யாரை அழைக்க?

மற்ற நான்கையும் மளமளவென்று நிரப்புவார்கள்.
இங்கே வந்ததும் பேனா நிற்கும்.
ஒரு ஜெர்மன் தம்பதி
அவருக்கு இவளையும் இவளுக்கு அவரையும் எழுதினார்கள்.
"இருவரும் ஒரே பள்ளத்தில் விழுந்தால்?" என்றேன்.
சிரிக்கவில்லை. மகளின் எண்ணைச் சேர்த்தார்கள்.
இன்னொருத்தி காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணைத் தந்தாள்.
அதுவும் சரிதான்.
ஹெலிகாப்டர் கண்ணீருக்குப் பறக்காது.

செப்டம்பரில் உருகுவேயிலிருந்து ரொகேலியோ வந்தான்.
ஆயத்தம் என்றால் அவன்தான்.
கடவுச்சீட்டுக்கு மூன்று நகல்கள், மூன்று இடங்களில்.
பாதிப் பணம் இடுப்பில், மீதி காலுறைக்குள்.
மாத்திரைகளோடு மருத்துவர் சீட்டு,
விசில், வெள்ளித்தாள் போர்வை,
எங்கள் மொழியில் ஏழு வாக்கியம் எழுதிய அட்டை.
முதல் வாக்கியம்: எனக்கு வால்நட் ஆகாது.
ஜார்ஜியாவுக்கு வந்து இப்படிச் சொல்பவனுக்கு
உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தான் கதி.

ஐந்தாவது கட்டத்தையும் அவன்
நிற்காமல் நிரப்பினான். நல்ல கையெழுத்து.

"காலையில் ஆறு முழங்காலுக்கு.
வெயில் ஏறினால் மேலே பனி உருகும், மதியம் இடுப்புக்கு.
அதற்குப் பிறகு யாரும் அளந்ததில்லை.
முர்சாவின் குதிரை இல்லாமல் இறங்காதே.
நாலு மணிவரை நிற்பான். பேரம் பேசாதே."
அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு முர்சா வந்தான், குதிரையோடு மட்டும்.
"காலையில் அக்கரை விட்டேன். திரும்பவில்லை."
ஆறரைக்கு மழை.
112-ஐ அழைத்தேன்.
மெஸ்தியாவிலிருந்து வண்டி வர
இரண்டு மணி நேரம் என்றார்கள், சாலை இருந்தால்.
பிறகு ஏட்டைப் பிரித்து
அந்த நல்ல கையெழுத்தை ஒவ்வோர் எண்ணாய் அழுத்தினேன்.

மணி அடித்தது
என் தலைக்கு மேலே.

மாடியில், அவன் கட்டிலில்,
சுவரோடு செருகிய கம்பியின் முனையில்
என் பெயரில்லாத என் எண்ணைக் காட்டியபடி
துடித்துக்கொண்டிருந்தது கைபேசி.

ஏட்டுச் சுரைக்காய்!
முதலில் கோபம்தான் வந்தது.
பிறகு வந்ததற்குப் பெயர் வைக்க நேரமில்லை,
முர்சா சேணம் கட்டிவிட்டான், நான் விளக்கை எடுத்தேன்.

ஆற்றின் இரைச்சலுக்குள் விசில்.
மூன்று முறை. நிறுத்தம். மூன்று முறை.
அக்கரைப் பாறையில் வெள்ளித்தாள் சுற்றி
அடுப்பில் வைக்க மறந்த மீன்போல் உட்கார்ந்திருந்தான்.
கணுக்கால் பூசணியாய் வீங்கியிருந்தது.
நாலு மணி நேரம் தண்ணீரைப் பார்த்திருக்கிறான்.
இறங்கவில்லை.
குதிரைக்கூலி நனைந்த காலுறையிலிருந்து வந்தது.
முர்சா இரட்டிப்பாய்க் கேட்டான். பேரம் இல்லை.

அடுப்படியில் இரண்டு தட்டு உருளைக்கிழங்கு தின்றான்.
ஏட்டை அவன் முன் விரித்துவைத்தேன்.
நெடுநேரம் கழித்துச் சொன்னான்:
"காலியாக விட்டால் காரணம் கேட்பீர்கள்."
நான் கேட்கவில்லை. தேநீர் ஊற்றினேன்.
மூன்றாம் நாள் நொண்டியபடி மெஸ்தியா வண்டியில் ஏறினான்.

பிப்ரவரி. ஜன்னலின் பாதிவரை பனி.
நள்ளிரவில் அழைப்பு, நீளமான எண்.
சிலியில் படகு வாடகைக்கு விடுகிற பெண்.
அவள் ஆங்கிலமும் என்னுடையதைப்போல் நொண்டியது.
"பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை.
நாளை கடலுக்குப் போகிறார். எண் சரியா என்று பார்க்கிறோம்.
ரொகேலியோ உங்களுக்கு என்ன வேண்டும்?"

என்ன வேண்டும்.
அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"எண் சரிதான்" என்றேன்.
"எழுதிக்கொள். ஓ நெகட்டிவ்.
வால்நட் ஆகாது.
கைபேசியைக் கட்டிலில் விட்டுவிடுவான்,
கிளம்பும்போது கேள்.
அப்புறம், பெண்ணே,
அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம்?"