வெறும் வயிற்றில்

ஆறே காலுக்கு ஷட்டரைத் தூக்குவேன்.
மஞ்சக்குப்பம் வாசல் தெளித்து முடித்திருக்காது.
வெறும் வயிற்றோடு வந்தவர்கள்
டோக்கனைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள்,
டீக்கடைப் பக்கம் திரும்பாமல்.

ஞானாதிக்கம் அவர்களுக்கு டோக்கன் கிடையாது.
வண்டியை விட்டிறங்கி நேரே உள்ளே வருவார்,
வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டியே வருவார்,
எனக்கு வேலை வைக்காமல்.
நரம்பென்றால் அப்படியொரு நரம்பு.
தேடவே வேண்டாம்.
ஊசி பட்டதும் குழாயில் ரத்தம் தானாக ஏறும்.
"வலிக்கவே இல்லம்மா, உனக்குக் கைராசி."

அறுபத்தெட்டு வயது.
சர்க்கரை தொண்ணூற்றிரண்டு.
கிரியாட்டினின் புள்ளி எட்டு.
கொழுப்பு, உப்பு, ஈரல் எல்லாம்
அச்சடித்த கோட்டுக்குள்ளே,
ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையாக.

இவருடைய டேங்கர்கள்தான்
ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு
உப்பனாற்றில் குழாயைத் திறக்கின்றன.
எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.
விடிந்தால் மடவை மீன்
வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும்,
அதற்கும் தெரியும்.

அடுத்த டோக்கன் அஞ்சலாட்சி.
அதே ஆற்றில் இடுப்பளவு நின்று இறால் தடவுகிறவள்.
நாற்பத்தொன்று.
இரண்டு கையிலும் தட்டித் தட்டிப் பார்த்து
கடைசியில் புறங்கையில் அகப்பட்டது ஒன்று,
நூல் மாதிரி.
கிரியாட்டினின் ஆறு புள்ளி நான்கு.
மெஷின் தப்போ என்று மறுபடி ஓட்டினேன்.
ஆறு புள்ளி ஐந்து.

எருசலேமில் என்றைக்கோ ஒரு பாடகன்
இதையேதான் கேட்டான்.
அவன் காலத்தில் லேப் இல்லை.
தெருவில் போகிறவர்களின் கழுத்தையும் கன்னத்தையும் பார்த்தே
வயிறெரிந்தான்.
எனக்குத் தாளில் வருகிறது, தசம புள்ளியோடு.
தான் கை கழுவி வாழ்ந்ததெல்லாம் வீண் என்றான்.
நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழுவுகிறேன்.

ஒரு புள்ளியைத் தள்ளி வைத்தால் போதும்.
புள்ளி எட்டு வெறும் எட்டாகிவிடும்.
அவருக்கு ஒரே ஒரு ராத்திரித் தூக்கம் போகும்.
விரல் அந்த விசைமேல் இருந்தது.
வைக்கவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல;
மதியமே வேறு லேபில் போய்ப் பார்த்துவிடுவார்.

ஞாயிறன்று பழைய நகரத்துக் கோவிலில்
வாசிப்பு என் முறை. விழுந்தது அந்தப் பாட்டு.
ஆலயத்துக்குள் போன பிறகுதான்
அவர்கள் முடிவு தனக்கு விளங்கியது என்கிறான்.
நானும் ஆலயத்துக்குள்தான் நிற்கிறேன்.
முதல் பெஞ்சில் ஞானாதிக்கம்.
எல்லார் தலைக்கு மேலும் அவர் உபயமாய்த் தந்த மின்விசிறிகள்.
காற்று எனக்கும் வந்தது. இதமாகத்தான் இருந்தது.
சறுக்கும் தரையில் அவர்களை நிறுத்தியிருக்கிறாய்
என்ற இடத்துக்கு வந்தபோது
ஆற்றங்கரைச் சேறு ஞாபகம் வந்தது.
போன மாதம் அதில் சறுக்கி விழுந்தது
அஞ்சலாட்சி.

அந்நேரம் கரண்ட் போனது.
இறக்கைகள் தளர்ந்து, தளர்ந்து, நின்றன.
சிவப்பு எழுத்தில் அந்தப் பெயரை
அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன்.
எல்லாருக்கும் வியர்த்தது. அவருக்கும்.
பதில் வந்துவிட்டதென்று ஒரு கணம் நினைத்தேன்.
அது வெறும் மின்தடை.

மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.
வாசலில் கை கொடுத்தார்.
"நல்லா வாசிச்சம்மா."
சூடான, உலர்ந்த கை.

திங்கள், ஆறே கால்.
அஞ்சலாட்சி வலது கையை நீட்டினாள்.
"இதுல பாரு, நேத்துத் தண்ணி நெறைய குடிச்சேன்."
டாக்டர் வேண்டாமென்ற தண்ணீர்.
எனக்கு நரம்பு கிடைக்கவேண்டுமென்று குடித்திருக்கிறாள்.

பிடித்தேன்.
ஊசி எடுத்த பிறகும், பஞ்சை அழுத்தும் சாக்கில்,
பிடித்தே இருந்தேன்.
யார் கையை யார் பிடித்திருப்பதாக
அந்தப் பாடகன் முடித்தான் என்று
யோசித்துக்கொண்டிருந்தபோது,

"விடும்மா," என்றாள்,
"டீ குடிக்கணும்."